கியூபாவில் என்னதான் சாப்பிட்டீர்கள்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் என் கியூபா பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார்களைப் பற்றியோ புரட்சியைப் பற்றியோ இல்லை, சாப்பாட்டைப் பற்றித்தான். எனக்கும் அதைப் பேசத்தான் ஆசை. நான் போனது 2023 கடைசியில், ஹவானாவில் ஆரம்பித்துக் கிழக்கே சாந்தியாகோ, பரக்கோவா வரைக்கும். பெரும்பாலும் வீடுகளில்தான் தங்கினேன், அங்கே குடும்பங்களே உரிமம் வாங்கி அறை வாடகைக்கு விடுகிறார்கள், சமைத்தும் போடுகிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, கியூபாச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்றுதான் போய்வந்த எல்லாரும் எழுதுகிறார்கள். காரம் இல்லாமல் எப்படி ஓட்டினீர்கள்?
– வாசகி, கோ.புதூர்

காரம் இல்லை என்பது சரி. ருசி இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்துத் தீவான ஜமைக்காவில் நாக்கு எரியும் அளவுக்கு மிளகாய் போடுவார்கள் என்பதால் அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறோம், கியூபாக்காரர்கள் அந்த வழிக்கே போவதில்லை. வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, சீரகத்தூள் தூவி, தக்காளி இருந்தால் அதையும் சேர்த்து ஒரு வதக்கல் செய்கிறார்கள். சொஃப்ரீத்தோ என்று பெயர். பயறு, கறி, சோறு எதுவானாலும் தொடக்கம் அதில்தான். அஹீ கச்சூச்சா என்று ஒரு குட்டி மிளகாய் இருக்கிறது, சுருக்கம் விழுந்த குண்டு மிளகாய் மாதிரி இருக்கும், மிளகாய் மணம் தூக்கலாக வரும், கடித்தால் உறைப்பு துளியும் இருக்காது.

அப்புறம் மோஹோ. மரவள்ளிக்கிழங்கைக் குழைய வேகவைத்துத் தட்டில் போட்டு, இடித்த பூண்டும் உப்பும், நார்த்தங்காய் மாதிரி புளிப்பும் லேசான கசப்பும் உள்ள ஒரு ஆரஞ்சின் சாறும் கலந்து, காய்ந்த எண்ணெயோடு சேர்த்து மேலே ஊற்றுகிறார்கள். சுர்ரென்று ஒரு சத்தம் வரும், பூண்டு வாசம் வாசல்வரை போகும். அதைச் சாப்பிட்ட யாரும் சப் என்று எழுத முடியாது.

பிறகு ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்றால், நிறையப் பேர் சாப்பிட்டது கடற்கரை ஓட்டல்களின் பஃபே. இன்னொரு காரணம் முக்கியமானது. நான் தங்கின வீட்டு அம்மா வெங்காயத்துக்காகக் காலையில் கிளம்பி மதியம்தான் திரும்புவார், சில நாள் வெறுங்கையோடு. பூண்டும் சீரகமும் இருக்கும் நாளில் அவர் கையில் வரும் ருசி வேறு, இல்லாத நாளில் வருவது வேறு. சாமான் கிடைக்காமல் மங்கிப்போன சாப்பாட்டைப் பார்த்து அந்த ஊருக்கே சமைக்கத் தெரியாது என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை. கியூபாச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதுதான்: தட்டில் என்ன வந்தது என்று பார்க்கும்போது அன்றைக்குக் கடையில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அங்கேயும் ரேஷன் கடை உண்டாமே? நம் ஊர்க் கடை மாதிரிதானா?
– வாசகர், உசிலம்பட்டி

உண்டு, 1962-லிருந்து. குடும்பத்துக்கு ஒரு சின்னப் புத்தகம், அதை லிப்ரேத்தா என்கிறார்கள், கடைக்குப் பெயர் போதேகா. நான் பார்த்த போதேகாவில் ஒரு நீளமான மர மேசை, பழைய தராசு, சுவரில் கரும்பலகை. இந்த மாதம் என்ன வந்திருக்கிறது, தலைக்கு எவ்வளவு, என்ன விலை என்று சாக்பீஸில் எழுதியிருந்தது, சில வரிகளுக்கு எதிரே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார்கள். கடைக்காரர் புத்தகத்தில் குறித்துக்கொண்டு அளந்து கொடுக்கிறார், பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இதுவரைக்கும் நம் கடையேதான்.

வித்தியாசம் என்னவென்றால் நம்மிடம் அட்டைக்குக் கணக்கு அதிகம், அங்கே ஆளுக்குக் கணக்கு. நான் போனபோது இருந்த கணக்கு இது: ஒருவருக்கு மாதம் 7 பவுண்டு அரிசி, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல், 4 பவுண்டு சர்க்கரை, கொஞ்சம் பயறு, கொஞ்சம் எண்ணெய், முட்டை, காப்பித்தூள். பால் ஏழு வயது வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு. தினம் ஆளுக்கு ஒரு பன். அந்த பன் 80 கிராமாக இருந்தது, 2024 செப்டம்பரில் 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். கியூபாவில் கோதுமை விளைவதில்லை, மாவு கப்பலில் வந்தால்தான் ரொட்டி. அரிசியிலும் பெரும்பகுதி வெளியிலிருந்துதான், வியட்நாம் அரிசி நிறையப் புழங்குகிறது.

நமக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். வேண்டாம் என்றால் வெளியே மளிகைக் கடையில் எந்த ரகமும் வாங்கலாம். அங்கே வெளியே வாங்கலாம் என்பது சம்பளத்தைப் பொறுத்தது, 2021-க்குப் பிறகு வந்த தனியார் கடைகளில் சாமான் அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு அட்டை முட்டை விலையைக் கேட்டுவிட்டு ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெரியவர் பேசாமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். போதேகாச் சாமான் மாதத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு மேல் வராது என்று எல்லாருமே சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கியூபாவில் சமையல்.

நான் சைவம். முட்டையும் சாப்பிட மாட்டேன். பிழைக்க முடியுமா?
– வாசகி, மேலமாசி வீதி

முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சோறும் பயறும்தான் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. ஹவானாப் பக்கம் கறுப்புப் பயறு, கிழக்கே போனால் சிவப்பு, நம் கடையில் ராஜ்மா என்று விற்கிறோமே அந்த இனம். அரிசியோடு சேர்த்தே வேகவைத்தால் ஒரு சாதம், தனியாகக் குழம்பு மாதிரி வைத்து வெள்ளைச் சோற்றில் ஊற்றினால் இன்னொன்று. சிக்கல் என்னவென்றால் பயற்றில் பன்றிக் கொழுப்போ ஒரு துண்டு பன்றி இறைச்சியோ போடுவது அங்கே சாதாரணம், பதப்படுத்திய பன்றித்தொடையான ஹாமை நிறையப் பேர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, “கறி இல்லை” என்று மனதாரச் சொல்லிவிட்டு ஹாம் போட்ட பயற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் கறி வேண்டாம், ஹாம் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தங்கினால் முதல் நாளே உட்கார்ந்து சொல்லிவிடலாம், அவர்கள் ரொம்ப அக்கறையாகச் செய்து தருவார்கள்.

வாழைக்காயை நம்பிப் போங்கள். தடித்த துண்டுகளாக வெட்டி ஒருமுறை பொரித்து, எடுத்துத் தட்டையாக நசுக்கி, மறுபடி பொரித்து உப்புத் தூவித் தருகிறார்கள், நம்மிடம் எத்தனையோ விதமாக வாழைக்காய் வறுக்கிறோம், இப்படி நான் சாப்பிட்டதில்லை. வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கலாம். கிழங்குகள் உண்டு: மரவள்ளி, சர்க்கரைவள்ளி, அப்புறம் மலாங்கா, இது நம் சேப்பங்கிழங்குக்குச் சொந்தம், மசித்துக் குழந்தைகளுக்கு முதல் சோறாக ஊட்டுகிறார்கள், வயிறு சரியில்லை என்றாலும் அதுதான். காய்கறி அந்தந்தப் பருவத்தில் மட்டும். நான் போனபோது முட்டைக்கோஸும் தக்காளியும் இருந்தன, மாம்பழம் கண்ணில் படவில்லை, அது கோடையில்தான். பப்பாளியும் கொய்யாவும் எப்போதும் கிடைத்தன.

இட்லி, தோசை எங்காவது கிடைக்குமா?
– வாசகர், வில்லாபுரம்

நான் போன ஊர்கள் எதிலும் பார்க்கவில்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

நாங்கள் கரும்பு போடுகிறவர்கள். உலகத்துக்கே சர்க்கரை கொடுத்த நாடு என்று அப்பா சொல்வார். அங்கே கரும்பு எப்படி இருக்கிறது?
– வாசகர், அலங்காநல்லூர் பக்கம்

அப்பா சொன்னது உண்மை. கியூபாவின் கதையே கரும்புக் கதைதான். கரும்பு வெட்டத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து அத்தனை பேரை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள், அங்கே அடிமைமுறை ஒழிந்ததே 1886-ல்தான். 1847-லிருந்து சீனக் கூலிகளையும் ஒப்பந்தத்தில் இறக்கினார்கள். இன்றைக்கு அங்கே தட்டில் வரும் பயறும் கிழங்கும் வாழைக்காயும் அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் சாப்பிட்டு வளர்த்த சாப்பாடு, பண்ணைக்காரர் வீட்டுச் சாப்பாடு அல்ல.

1970-ல் ஒரு கோடி டன் சர்க்கரை எடுத்தே தீருவது என்று அரசு இலக்கு வைத்து, ஆபீஸில் இருந்தவர்களையும் மாணவர்களையும் எல்லாம் வயலில் இறக்கியது. எண்பத்தைந்து லட்சம் டன் வந்தது, இலக்கைத் தொடவில்லை, ஆனாலும் அந்தச் சின்னத் தீவுக்கு அது எவ்வளவு பெரிய அளவு என்பது கரும்பு போடுகிற உங்களுக்குத் தெரியும். அந்தச் சர்க்கரையைச் சோவியத் நாடு நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு பெட்ரோல் கொடுத்தது. 1991-ல் சோவியத் போனது, பெட்ரோலும் போனது, டிராக்டர் நின்றது. 2002-ல் இருந்த 156 ஆலைகளில் கிட்டத்தட்டப் பாதியை மூடிவிட்டார்கள். 2023-ல் முடிந்த பருவத்தில் மொத்த உற்பத்தி நான்கு லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. வழியில் ஓர் ஊரில் புகையே வராத ஆலைப் புகைபோக்கியைக் காட்டி, என் தாத்தா, அப்பா, நான் மூன்று பேரும் இங்கேதான் வேலை பார்த்தோம் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது, கையைப் பிடித்துக்கொண்டேன்.

கரும்புச்சாறு மட்டும் இருக்கிறது. குவாராப்போ என்கிறார்கள், அதே இரட்டை உருளை இயந்திரம், ஐஸ் போட்டு, சிலர் எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். இஞ்சி போடுவதில்லை.

1992-ல் கியூபாவுக்காக இங்கே கோதுமைக்குப் பணம் திரட்டினோம். சின்னப் பையனாக உண்டியல் தூக்கியிருக்கிறேன். அங்கே யாருக்காவது அது ஞாபகம் இருக்கிறதா?
– வாசகர், ஆரப்பாளையம்

இந்தக் கடிதத்தை நான் பல தடவை படித்தேன். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சோவியத் போனபின் கியூபா பட்டினியில் விழுந்த நேரத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று பத்தாயிரம் டன் கோதுமை திரட்டினார், நரசிம்ம ராவ் அரசு இன்னொரு பத்தாயிரம் டன் கொடுத்தது, ஹால்தியாவிலிருந்து கப்பல் போனது, சோப்புக் கட்டிகளும் அதில் போயின. கியூபா அதிபர் காஸ்ட்ரோவே நேரில் வந்து வரவேற்றார்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்று சாந்தியாகோவில் வயதான ஓர் அம்மா சொன்னார். சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போவாராம். 1992-93-ல் சத்துக்குறைவால் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கண்பார்வையும் நரம்பும் பாதிக்கப்பட்டு, நாடு முழுக்க எல்லாருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று. காலி மனைகளிலெல்லாம் பாத்தி கட்டிக் கீரை போட ஆரம்பித்ததும் அப்போதுதான், ஹவானாவில் அந்தத் தோட்டங்களில் பல இன்னும் இருக்கின்றன, நான் ஒன்றில் போய் லெட்யூஸும் வெங்காயத்தாளும் வாங்கினேன். அந்த அம்மாவிடம் இந்தியக் கோதுமையைப் பற்றிக் கேட்டேன். இந்தியாவிலிருந்து ரொட்டி வந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். உங்கள் உண்டியல் போய்ச் சேர்ந்தது ஐயா.

அமெரிக்காவின் தடை இருக்கும்போது கியூபாக் கடைகளில் அமெரிக்கக் கோழி விற்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எப்படி?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

விற்கிறது, நானும் சாப்பிட்டேன். கியூபாவோடு வர்த்தகம் கூடாது என்ற அந்தத் தடை 1962-லிருந்து இருக்கிறது. ஆனால் 2000-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம் உணவுப்பொருளை விற்க அனுமதித்தது, கடனுக்கு இல்லை, முன்பணம் கட்டினால்தான். 2001 நவம்பரில் மிஷெல் புயல் அடித்து வயல்கள் நாசமான பிறகு கியூபா வாங்க ஆரம்பித்தது. உறைந்த கோழித்தொடைகள் பெட்டி பெட்டியாக வருகின்றன. கடன் வாங்க முடியாத ஏழை நாடு ரொக்கம் கொடுத்துத்தான் கோழி வாங்க வேண்டும் என்பதால் கையில் டாலர் இல்லாத மாதம் கோழியும் இருக்காது. தடைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலரும், அரசாங்கத்தின் நிர்வாகம்தான் காரணம் என்று சிலரும் என்னிடம் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது, வயலை நன்றாக வைத்திருந்தும் விளைந்ததை விற்க வழியில்லாமல் அழுகவிட்ட விவசாயியையும் நான் பார்த்தேன்.

தேங்காய், மீன் உண்டா? தீவுதானே!
– வாசகி, சோழவந்தான்

தீவு என்றாலும் ஹவானாவில் மீன் அவ்வளவு சுலபமாக வீட்டுத் தட்டுக்கு வருவதில்லை. பெரிய இறால் வகைகள் ஏற்றுமதிக்கும் சுற்றுலா ஓட்டலுக்கும் போய்விடுகின்றன, தனியார் சாப்பாட்டுக் கடைகள் 1990-களில் தொடங்கியபோது பன்னிரண்டு நாற்காலிக்கு மேல் போடக்கூடாது, மாட்டிறைச்சியும் சிங்கி இறாலும் விற்கக்கூடாது என்றே விதி இருந்தது.

ஆனால் பரக்கோவா வேறு உலகம். கிழக்குக் கோடியில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர், 1511-ல் உண்டானது, 1960-களில் மலைப்பாதை போடும்வரை பெரும்பாலும் கடல் வழியாகத்தான் போக்குவரத்து. அதனால் அந்த ஊர்ச் சமையல் தனியாகவே வளர்ந்திருக்கிறது. மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். துருவின வாழைக்காயில் நண்டுச் சதையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வாழையிலையில் கட்டி வேகவைக்கிறார்கள், அதன் பெயர் பக்கான். பொட்டலத்தைப் பிரித்ததும் வெந்த வாழையிலை வாசம் வந்தது பாருங்கள், சோழவந்தான்காரர் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தேங்காய்த் துருவலைச் சர்க்கரை, தேன், கொய்யா அல்லது அன்னாசியோடு கிளறி, நம் பாக்குமட்டை மாதிரியான பனை மட்டையைக் கூம்பாகச் சுருட்டி அடைத்து ரோட்டோரம் விற்கிறார்கள், குக்குரூச்சோ. பஸ் நின்ற இடத்திலெல்லாம் வாங்கினேன்.

அப்புறம் தெத்தீ. ஆறு கடலில் கலக்கும் இடத்தில், வருஷத்தில் சில மாதங்கள், தேய்பிறை நாள்களில் மட்டும் கூட்டமாக வரும் பொடி மீன். வலையில் அள்ளி அப்படியே முழுசாகச் சமைக்கிறார்கள். அயிரை மீன் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரிக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. புளி இல்லை, மிளகாய் இல்லை, இருந்தும் தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

விளக்குத்தூண் ஜிகர்தண்டாவுக்கு ஈடாக அங்கே ஏதாவது உண்டா?
– வாசகர், முனிச்சாலை

ஹவானாவில் கொப்பேலியா இருக்கிறது. 1966-ல் திறந்த அரசாங்க ஐஸ்க்ரீம் கடை, வட்டமான கட்டடம், சுற்றிலும் ஆலமர நிழல், வரிசை எப்போதும் நீளம். காஸ்ட்ரோவுக்குப் பால் மேல் அப்படி ஒரு ஆசை. ஊப்ரே பிளாங்கா என்ற கியூபாப் பசு 1982-ல் ஒரே நாளில் 109.5 லிட்டர் கறந்து கின்னஸில் இடம் பிடித்தது. இப்போது பால் தட்டுப்பாடு, நான் போனபோது பலகையில் இரண்டு ருசிதான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் தாத்தா, பேத்தி, காதலர்கள் என்று ஆள் ஆளுக்கு ஐந்து உருண்டைத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பியைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்: சின்னக் கோப்பை, கெட்டி டிகாஷன், பால் இல்லை, சர்க்கரை நிறைய. ரேஷன் தூளில் வறுத்த பட்டாணி கலந்திருக்கும், சிக்கரி போட்டுப் பழகின நமக்கு அது பெரிய விஷயமில்லை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கியூபாப் பதார்த்தம் சொல்லுங்கள். இங்கே கிடைக்கும் சாமானில்.
– வாசகி, வாடிப்பட்டி

கிழக்குக் கியூபாவின் கொங்ரீ சொல்கிறேன். ஒரு டம்ளர் ராஜ்மாவை ராத்திரியே ஊறவைத்து, காலையில் ஒரு பிரிஞ்சி இலை போட்டுக் குக்கரில் வேகவையுங்கள், உடையக்கூடாது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சாதத்துக்கு நிறமும் ருசியும் அதில்தான் இருக்கிறது. அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி வெங்காயம், நிறையப் பூண்டு, ஒரு குடைமிளகாய் வதக்கி, ஒரு ஸ்பூன் சீரகத்தூள் போட்டு, கற்பூரவல்லி இலை இரண்டைக் கிள்ளிப் போடுங்கள். ஆமாம், சளிக்குக் கஷாயம் வைக்கிறோமே அதேதான், கியூபாவில் தொட்டியில் வளர்த்துப் பயற்றில் போடுகிறார்கள். இரண்டு டம்ளர் பொன்னி பச்சரிசியைக் கழுவி அதில் ஒரு புரட்டுப் புரட்டி, பயறு, உப்பு, பயறு வெந்த தண்ணீர் மூன்றரை டம்ளர், போதவில்லை என்றால் சாதாரணத் தண்ணீர் சேர்த்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். உதிரியாக வர வேண்டும். பக்கத்தில் நசுக்கிப் பொரித்த வாழைக்காய். முதல் தடவையாவது மிளகாய் போடாமல் செய்யுங்கள், அப்போதுதான் சீரகமும் பூண்டும் என்ன செய்கின்றன என்று தெரியும்.

முருங்கை பற்றியும் நீங்களே கேட்டிருந்தீர்கள். 2012-ல் காஸ்ட்ரோ எழுதிய ஒரு குறிப்பில் முருங்கையையும் மல்பெரியையும் பெரிதாக வளர்க்கச் சொன்னார். மரங்களை நான் பார்த்தேன், இலையைப் பொடியாக்கித் தேநீர் போடுகிறார்கள். காயைக் குழம்பில் போடலாம் என்று நான் சொன்னதும் நான் தங்கின வீட்டு அம்மா நம்பவே இல்லை, ஒரு காயைப் பறித்து வேகவைத்துச் சாப்பிடும் விதத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் போகிறோம். தங்கும் வீட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?
– வாசகி, திருநகர்

இனிப்பை விட்டுவிடுங்கள். சோப்பு, பற்பசை, காய்ச்சல் மாத்திரை, சானிட்டரி நாப்கின், குழந்தை இருக்கும் வீடென்றால் பால்பவுடர். சமையலுக்கு முழுச் சீரகம், மிளகு, கால் கிலோ பாக்கெட்டுகளாக, பிரிக்காமல் கடை முத்திரையோடு. 2021 ஜூலையில் பயணிகள் கொண்டுவரும் உணவுக்கும் மருந்துக்கும் சுங்க வரி கிடையாது என்று அறிவித்துப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதை, பழம், கறி எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் நீட்டாமல் சமையலறையில் போய் அந்த அம்மா கையில் கொடுங்கள். அவர் சமைக்கும்போது பக்கத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள், நான் கேட்ட எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.